பிழை பயிலும் இடம்

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோரைப் பற்றும் நோய் ஒன்று உண்டு. தாம் அறிந்ததினும் அறியாதது மிகப் பெரிது என்னும் உண்மையை மறந்துவிடுவதே அந்நோய். ஆண்டுதோறும் அதே நூலை அதே இடத்தில் திறந்து, அதே பருவத்துப் பிள்ளைகள் முன் அமர்ந்து, அவர்கள் செய்யும் அதே பிழைகளைத் திருத்தித் திருத்தி, பிழை என்பது மாணவர்க்கே உரிய பொருள் என்ற எண்ணம் ஆசிரியனின் உள்ளத்தில் மெல்ல மெல்ல வேரூன்றிவிடுகிறது. முப்பதாண்டுக் காலமாக அரபு இலக்கணமும் தமிழும் கற்பித்துவரும் நம்மையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. அதற்கான மருந்து நமக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து, கயிறு கட்டிய ஓர் அட்டைப் பெட்டியில் வந்தது.

நம் இளைய மகள் கணினியியலில் பட்டம் பெற்றபின், சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. என்னும் வலையமைப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கணினித் திரையிலேயே பொய்யாக ஒரு வலையமைப்பைக் கட்டிப் பார்க்கும் ‘பேக்கெட் டிரேசர்’ என்னும் மென்பொருளை அவள் நன்கு பழகியிருந்தாள். ஆயினும் ஒருநாள் நம்மிடம் வந்து, “அத்தா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? எனக்கு நிஜமான சுவிட்ச் மூணு வேணும். பழசு போதும்” என்றாள். நம்முடைய பழமொழியாலேயே நம்மை மடக்கிய பிறகு மறுக்க வழியில்லை. அடுத்த வாரமே இருவரும் சென்னைக்குப் புறப்பட்டோம்.

சுவிட்ச் என்றதும் சுவரிலே விளக்கேற்றும் பொத்தானை எண்ணிவிடலாகாது. அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை ஆகிய இடங்களில் உள்ள கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிக்கே இத்துறையினர் சுவிட்ச் என்று பெயரிட்டுள்ளனர். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் ‘ஈதர்நெட்’ முறையை வகுத்தபோது, எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொண்டன. ஒருவர் பேசினால் அனைவரின் காதிலும் விழும். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் பேச்சும் சிதையும். சந்தைக் கூச்சல் போன்ற இந்நிலையை மாற்றி, இன்னார் பேச்சு இன்னாருக்கு மட்டும் என்று பிரித்துக்கொடுக்கும் ஈதர்நெட் சுவிட்சை 1990இல் ‘கல்பனா’ என்னும் அமெரிக்க நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் செவிக்குப் பழகிய பெயர்கொண்ட அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை விலைக்கு வாங்கியது. நாம் வாங்கச் சென்ற பெட்டிகள் அந்த மரபில் வந்த பேரப்பிள்ளைகள் எனலாம்.

ரிச்சி தெருவின் ஒரு மாடிக் கடையில், எந்த அலுவலகமோ கழித்துப் போட்ட பெட்டிகள் செங்கல் அடுக்கியதுபோல் குவிந்து கிடந்தன. 24 துளைகள் கொண்ட 2960 என்னும் வகையில் மூன்றைத் தேர்ந்தெடுத்தாள் மகள். அந்நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்ட பழைய வகை அது. பழகுவதற்கு அதுவே போதும் என்றாள். மூன்றுக்கும் சேர்த்து 6,500 ரூபாய் கொடுத்தோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை. பேருந்தில் மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

நம் கிதாபுகள் இருக்கும் அலமாரிக்கு அருகிலேயே ஒரு மேசையில் அவற்றுக்கு இடம் ஒதுக்கினோம். மின்சாரம் கொடுத்ததும் உள்ளிருந்த விசிறிகள் ஓலமிட்டன. அடுக்களையிலிருந்து நம் இல்லத்தரசி ஓடிவந்து, “என்னங்க, வீட்டுக்குள்ளே மாவு மில்லா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அலுவலகங்களில் இப்பெட்டிகளைத் தனி அறையில் பூட்டி வைப்பதன் காரணங்களுள் ஒன்று அன்றைக்கே விளங்கிவிட்டது.

இந்தப் பெட்டிக்குத் திரையும் கிடையாது, தட்டுப்பலகையும் கிடையாது. ‘கன்சோல்’ என்னும் தனித் துளையில் நீலநிறத் தட்டைக் கம்பி ஒன்றைச் செருகி, மறுமுனையை நம் கணினியில் இணைத்துத்தான் அதனோடு உரையாட வேண்டும். இக்காலக் கணினிகளில் அதற்கேற்ற பழைய துளை இல்லையாதலால், இடையே ஒரு மாற்றி தேவைப்படுகிறது. உரையாடலின் வேகம் வினாடிக்கு 9600 என்று இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். மகள் வெளியே சென்றிருந்த வேளையில் நாமே துணிந்து வேறொரு வேகத்தை வைத்துவிட்டோம். திரையில் கேள்விக்குறியும் கட்டமும் கோடுமாக ஏதோ கொட்டியது. பெட்டி பழுதாகிவிட்டதென்று அஞ்சி அணைத்துவிட்டோம். மாலையில் அவள் வந்து பார்த்து, “பெட்டி சரியாத்தான் பேசுது அத்தா. நீங்கதான் வேற வேகத்துல கேக்குறீங்க” என்றாள். வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகளைப் பற்றி நாம் இதே தவறான தீர்ப்பை எழுதியிருப்போம் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம்.

மூன்றில் ஒரு பெட்டி கடவுச்சொல் கேட்டது. முன்பு வைத்திருந்தவர் அதை அழிக்காமலே விற்றுவிட்டார். இதற்கும் வழி உண்டு. முன்புறமுள்ள ‘மோட்’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், பெட்டி முழுதும் விழிக்காமல் பாதி உறக்கத்தில் நின்றுவிடும். அந்நிலையில் ‘கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்’ என்னும் அமைப்பேட்டின் பெயரை மாற்றி வைத்துவிட்டு எழுப்பினால், தன் பழைய கடவுச்சொல்லை அறியாமலே அது எழுகிறது. அவ்வாறு எழுப்பியபோது, பழைய உரிமையாளரின் ஏடு முழுவதும் நம் கண்முன் கிடந்தது. எந்தத் துளையில் எந்தப் பிரிவு, எந்த முகவரியில் எந்தக் கருவி என்ற விவரமெல்லாம் அதில் இருந்தன. மகள் ஆவலோடு படிக்கத் தொடங்கினாள். “பிறர் வீட்டுக் கடிதம் நம் கைக்குத் தவறி வந்தால் படிக்கலாமா?” என்றோம். அவள் ஒன்றும் பேசாமல் அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். அழித்துவிட்டதாகவே நினைத்தோம். மறுநாள் பார்த்தால் பிரிவுகளின் பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவை ‘வீலேன் டாட் டேட்’ என்னும் வேறோர் ஏட்டில் தனியே எழுதப்பட்டிருந்தன. அதையும் அழித்தபிறகே அந்த அமானிதம் நம் தலையிலிருந்து இறங்கியது. பழைய பெட்டியை விற்போர் இவ்விரண்டு ஏடுகளையும் அழித்துவிட்டு விற்பது நலம்.

இதுவரை நாம் வெறும் பார்வையாளரே. மகள் படிக்கையில் துணைக்கு அமர்ந்திருந்தோம், அவ்வளவுதான். ஒருநாள் அவளே, “சும்மா பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு நீங்களும் ஒரு சபக் எடுத்துக்கங்களேன்” என்றாள். ஐம்பத்து நான்கு வயதில் மகளிடம் பாடம் கேட்க அமர்ந்தோம்.

முதற்பாடம், சுவிட்ச் தன் மாணாக்கரை எவ்வாறு அறிகிறது என்பது. ஒவ்வொரு கணினியின் வலைத்துளைக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு முகவரி உண்டு. அதன் முற்பாதி, செய்த நிறுவனத்தைக் குறிக்கும். பெட்டி புதிதாக எழும்போது அதற்கு எவரையும் தெரியாது. ஒரு துளை வழியே செய்திப் பொதி ஒன்று வந்தால், அனுப்பியவரின் முகவரியைப் படித்து, இன்னார் இத்துளையில் இருக்கிறார் என்று குறித்துக்கொள்கிறது. பெறுவோர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிடில், வந்த துளை நீங்கலாக ஏனைய துளைகளுக்கெல்லாம் அனுப்பிவைக்கிறது. உரியவர் மறுமொழி கூறும்போது அவரையும் குறித்துக்கொள்கிறது. 300 வினாடிகள் ஒருவர் வாய் திறவாதிருந்தால் அக்குறிப்பை நீக்கிவிடுகிறது. புதிய வகுப்பில் முதல்நாள் அமர்ந்து, பேசப் பேசப் பிள்ளைகளின் பெயரைக் கற்றுக்கொள்ளும் ஆசிரியன் செய்வதும் இதைத்தானே! ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ என்று தட்டி, நம் வீட்டுக் கணினி இரண்டின் முகவரிகளும் அப்பட்டியலில் எழுந்து நின்றதைக் கண்டபோது, ஸர்பு வாய்பாட்டின் முதல் வினைச்சொல்லைப் பிழையின்றி ஒப்புவித்த சிறுவனின் மகிழ்ச்சி நமக்கு உண்டாயிற்று.

இரண்டாம் பாடத்தை மின்வாரியமே கற்பித்தது. ஒரு மாலை முழுவதும் உழைத்து, மூன்று பெட்டிகளின் துளைகளுக்கும் பெயரிட்டு, பிரிவு பிரித்து, அழகுற அமைத்து முடித்தோம். மின்வெட்டு வந்தது. மின்சாரம் திரும்பியபோது பெட்டிகள் மூன்றும் பிறந்த குழந்தைகளைப்போல் ஏறத்தாழ ஒன்றும் அறியாமல் எழுந்தன. இப்பெட்டிக்கு ஏடுகள் இரண்டு. ‘ரன்னிங்-கான்ஃபிக்’ என்பது இப்போது நடப்பது, நினைவில் நிற்பது. ‘ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்’ என்பது எழுதி வைத்தது. மீண்டும் எழும்போது அது படிப்பது. நாம் தட்டும் கட்டளை அந்தக் கணமே நடப்புக்கு வந்துவிடும். ஆனால் முன்னதைப் பின்னதில் படியெடுக்கச் சொல்லாதவரை அது எழுத்தில் ஏறுவதில்லை. மனப்பாடத்தை நம்பிக் குறிப்பெடுக்காத மாணவனைக் கடிந்துகொள்ளும் நாம், அன்று நம்மையே கடிந்துகொண்டோம். இந்த இரண்டு ஏடுகளின் வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னொரு நாள் நம் மானத்தைக் காப்பாற்றியது இதுவே.

பிறகு ‘வீலேன்’ என்னும் பாடம். ஒரே பெட்டியில் செருகப்பட்டிருந்தாலும், கணக்குப் பிரிவின் பேச்சு மாணவர் கணினிக்குக் கேட்கலாகாது. அதற்காகத் துளைகளுக்கு எண்ணிட்டுப் பிரிக்கின்றனர். பத்தாம் எண்ணுள்ள துளைகள் தமக்குள் மட்டும் பேசும், இருபதாம் எண்ணுள்ளவை தமக்குள் மட்டும் பேசும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எல்லா எண்களின் பேச்சையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்ல வேண்டுமானால், ஒவ்வொரு பொதியிலும் நான்கு பைட் அளவுள்ள சீட்டு ஒன்றைச் செருகி, அதில் எண்ணை எழுதி அனுப்புகின்றனர். அவ்வழிக்கு ‘டிரங்க்’ என்று பெயர். அதன் வாயிலில் எந்தெந்த எண்களை விடலாம் என்று ஒரு பட்டியலும் வைக்கலாம். பத்தும் இருபதும் போய்வரும் வழியில் முப்பதையும் விட விரும்பினால், ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் ஆட் 30’ என்று தட்ட வேண்டும். ‘ஆட்’ என்பது ‘சேர்’ என்னும் பொருளுடைய சிறு சொல். அதை விட்டுவிட்டால், ‘முப்பதை மட்டும் விடு, மற்றவற்றைத் தள்ளு’ என்று பொருள் மாறிவிடும். ஒரு மாலை நம் மகள் அச்சிறு சொல்லை மறந்தாள். திரையில் இருந்த அனைத்தும் அப்படியே உறைந்தன. நாம் வாய்விட்டுச் சிரித்தோம். “அரபியில் ஓர் அலிஃபை விட்டால் பொருள் கெடும் என்பேனே, அது இதுதான்” என்று அறிவுரையும் வழங்கினோம். அவள் முகம் சிவந்தது. பிறகு அதே கட்டளையைப் பத்து முறை தட்டிப் பழகினாள். நாம் ஒருமுறையும் தட்டவில்லை.

அதற்கடுத்து, வேண்டுமென்றே வீட்டில் ஒரு புயலை எழுப்பினோம். ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே பெட்டியின் இரு துளைகளில் செருகினால் என்னாகும்? அனைவருக்குமான அறிவிப்பு ஒன்று உள்ளே வந்தால், அது ஒரு துளைவழி வெளியேறி மறுதுளைவழி நுழைந்து மீண்டும் வெளியேறி ஓயாமல் சுற்றும். இணையத்தின் ஐ.பி. பொதிக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு வழிப்படுத்தியைக் கடக்கும்போதும் ஒன்று குறைந்து, பூச்சியமானதும் மாய்ந்துவிடும். ஈதர்நெட் பொதிக்கு அத்தகைய ஆயுள் எண் கிடையாது. ஆகவே சுழற்சி தானே நிற்பதில்லை. இதைத் தடுக்கும் முறையை 1985இல் டெக் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்ற பெண் அறிஞர் வகுத்தார். ‘ஸ்பேனிங் டிரீ’ என்று அதற்குப் பெயர். பெட்டிகள் தமக்குள் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்து, அத்தலைவரை வேராகக்கொண்டு ஒரு மரம்போல் வழிகளை அமைத்து, வட்டம் உண்டாக்கும் மிகைவழிகளை அடைத்துவைக்கின்றன. திறந்த வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கின்றன. தாம் கண்ட முறையை விளக்க அவ்வம்மையார் ஒரு சிறு கவிதையும் எழுதி ஆய்வுரையில் சேர்த்தார் என்பது தமிழாசிரியனாகிய நமக்கு உவப்பான செய்தி.

அந்தக் காவலை ஒரு கட்டளையால் விலக்கிவிட்டு, கம்பியை வட்டமாகச் செருகினாள் மகள். அதுவரை தனித்தனியே கண்சிமிட்டிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் யாவும் ஒரே வெறியில் துடித்தன. இணைந்திருந்த கணினி விசைக்கு அசையவில்லை. கம்பியைப் பிடுங்கியதும் எல்லாம் ஓய்ந்தன. இஃது எளிய விளையாட்டன்று. 2002 நவம்பரில், பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தில் இந்த மரமுறை நிலைகுலைந்து, ஏறத்தாழ நான்கு நாட்கள் வலையமைப்பு தடுமாறியது. மருத்துவர்களும் செவிலியரும் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினர். அந்நிலையத்தின் தகவல்துறைத் தலைவராயிருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மூடிமறைக்கவில்லை. பிறர் பாடம் பெறுமாறு வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டார். இதைப் படித்தபோது ‘நன்று’ என்று பாராட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். அவ்வாறு சொல்வது எத்துணைக் கடினம் என்று அப்போது நமக்குத் தெரியாது.

மகள் தேர்வில் வென்று பெங்களூரில் பணிக்குச் சென்றாள். பெட்டிகள் மூன்றும் நம்மிடம் தங்கின. நாம் பணிபுரியும் கலாசாலையில், ‘ஹஜ்ரத்துக்குச் சுவிட்ச் தெரியுமாம்’ என்ற பேச்சு பரவியது. அங்கும் ஒரு நல்ல மனிதர் வழங்கிய இத்தகைய பெட்டிகள் இருந்தன. மேல்மாடியில் பூட்டிய அறையில் ஒன்று. வெளியிணைப்பு அங்கேதான் வந்து சேரும். தரைத்தளத்தில் அலுவலகத்துக்கும் நூலகத்துக்குமாக ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரே டிரங்க். புதிதாக அமைந்த கணினி வகுப்புக்கென நாற்பதாம் எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று முதல்வர் கேட்டுக்கொண்டார். “இதற்கென்ன, ஐந்து நிமிட வேலை” என்றோம்.

நூலகத்தில் அமர்ந்தபடியே மேல்மாடிப் பெட்டிக்குள் நுழைந்தோம். தொலைவிலுள்ள முனையை முதலில் திருத்த வேண்டும் என்ற விதி நினைவிருந்தது. நாற்பதை உருவாக்கினோம். டிரங்க்கின் வாயிலுக்குச் சென்றோம். கட்டளையைத் தட்டினோம். திரை உறைந்தது.

ஓரிரு வினாடி புரியவில்லை. பிறகு உடல் வியர்த்தது. ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டோம். நாற்பதை மட்டும் விடு என்று ஆணையிட்டு, நாம் எந்த வழியே நுழைந்தோமோ அந்த வழியையும் நம் கையாலேயே அடைத்துவிட்டோம். கூரைமேல் ஏறி ஏணியை உதைத்துத் தள்ளியவன் நிலை நம்முடையது. தரைத்தளம் முழுவதும் இணைப்பற்றுப் போனது.

அன்று மாணவர்கள் தேர்வுக் கட்டணம் செலுத்த இறுதி நாள். நூலகக் கணினிகளின் முன் பதினொரு பிள்ளைகள் இருந்தனர். மாலை ஐந்து மணிக்குக் கட்டண வாயில் மூடிவிடும், மணி மூன்றரை. மேல்மாடி அறையின் சாவி காவலரிடம் இருந்தது. அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் எழுத்தர் தொலைபேசியில் எவரையோ உரத்த குரலில் கண்டித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், “நெட் கம்பெனிக்காரனைத்தான் ஹஜ்ரத் புடிச்சு வாங்கிக்கிட்டிருக்கேன். மாசம் பொறந்தா காசு மட்டும் சரியா கேக்குறாங்க” என்றார்.

வாசக அன்பர்களே, அந்தக் கணத்தை மறைக்காமல் எழுதுகிறோம். எழுத்தர் நமக்கு ஒரு வாசலைத் திறந்து கொடுத்துவிட்டார். நாம் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. வாய்மூடி இருந்தாலே போதும். பழி முகமறியா எவரோ ஒருவர்மீது விழுந்து அங்கேயே கிடக்கும். சாவி வந்ததும் மேலே சென்று சரிசெய்துவிட்டு, “ஹஜ்ரத் சரிபண்ணிட்டாங்க” என்ற பாராட்டையும் பெற்றுக்கொண்டு இறங்கலாம். முப்பதாண்டுகள் வாய்மை பற்றி வகுப்பெடுத்தவனின் உள்ளத்தில் இந்தக் கணக்கு எத்துணை விரைவாக ஓடியது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக உள்ளது. கம்பியின் மறுமுனையில் எவரோ ஓர் இளைஞர், தாம் செய்யாத குற்றத்துக்காக, “பார்க்கிறேன் சார், பார்க்கிறேன் சார்” என்று குழைவது நம் செவியில் விழுந்தது. அக்குரல் நம் மகளின் வயதினருடையது. அவளும் இப்போது இத்தகைய ஒரு வேலையில்தான் இருக்கிறாள்.

“போனை வைங்க. அவங்க மேல தப்பு இல்லை. நான்தான் தப்பா ஒரு கட்டளை கொடுத்துட்டேன்” என்றோம். எழுத்துலகில் ‘நாம்’ என்று எழுதிப் பழகிய நமக்கு, அன்று ‘நான்’ என்று சொல்லவேண்டியிருந்தது. எழுத்தர் சற்றுநேரம் நம்மைப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். முதல்வரிடமும் பிள்ளைகளிடமும் அதையே கூறினோம்.

சாவி வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கன்சோல் கம்பியோ வீட்டில் இருந்தது. ஆயினும் முன்னே சொன்ன இரண்டு ஏடுகளின் பாடம் கைகொடுத்தது. நம் பிழையான கட்டளை நினைவில் மட்டுமே இருந்தது; எழுத்தில் ஏறவில்லை. மின்செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகினோம். சில நிமிடங்களில் பெட்டி பழைய ஏட்டைப் படித்து எழுந்தது. மொத்தம் நாற்பது நிமிடம். பத்துப் பிள்ளைகள் கட்டணத்தைச் செலுத்திவிட்டனர். பதினொன்றாமவனுக்கு மட்டும், இணைப்பு அறுந்த கணத்தில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்திருந்தது; ரசீது வரவில்லை. அவன் தந்தை கடன் வாங்கி அனுப்பிய பணம் அது. அவன் அழவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுறை செலுத்தும் தொகையை நாம் கொடுத்தோம். கழிந்த பணம் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த ஒரு வாரமும் அவன் வகுப்பில் நம் எதிரே அமர்ந்திருந்தான். நாம் பாடம் நடத்தினோம்.

அன்றிரவு மகளிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. “அத்தா, மாத்தறதுக்கு முன்னாடி ‘ரீலோட் இன் 10’ போட்டீங்களா?” என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழு என்று பெட்டிக்கு முன்கூட்டி ஆணையிடும் முறை அது. மாற்றம் சரியாக அமைந்தால் அந்த ஆணையை விலக்கிக்கொள்ளலாம். நாம் வெளியே அகப்பட்டுக்கொண்டால் பெட்டி தானே எழுந்து பழைய ஏட்டுக்குத் திரும்பிவிடும். போடவில்லை என்றோம். “அந்த ஆட் சங்கதிதான் வீட்டிலேயே வந்துச்சே” என்றாள். “அது நீ செய்த பிழையம்மா. நான் சிரித்தேன், கற்கவில்லை” என்றோம்.

இதைத்தான் சொல்ல வந்தோம். பிறர் செய்த பிழையை நாம் அறிவால் அறிகிறோம். நம் விரல் அதை அறிவதில்லை. ஹாஃபிழ் ஒருவர் ரமலான் இரவில் மக்கள் முன் நின்று ஓதுமுன், தோழர் ஒருவரை எதிரே அமர்த்தி முழுவதையும் ஓதிக் காட்டுகிறார். இடறும் இடங்களிலெல்லாம் அங்கேயே இடறிவிடுகிறார். தோழர் இடறியதைக் கேட்டிருந்தால் போதுமென்று எவரும் தம் முறையை விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டுச் சோதனைக்கூடமும் அத்தகையதே. அறிவைச் சேர்க்கும் இடம் என்றுதான் அதை எண்ணியிருந்தோம். பிழைகளைச் செலவழித்துத் தீர்க்கும் இடம் என்பதே பொருத்தம். அங்கே செய்யாமல் மிச்சம் வைத்த பிழையை வேறோர் இடத்தில் செய்கிறோம். அதன் விலையை வேறொருவர் கொடுக்கிறார். நம் பிழைக்கு விலை கொடுத்தவன் பதினொன்றாம் பிள்ளை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்தோம். பத்து நிமிட ஆணையை முதலில் இட்டு, பிறகு அதே பிழையை வேண்டுமென்றே செய்தோம். திரை உறைந்தது. காத்திருந்தோம். பெட்டி தானே எழுந்தது. மீண்டும் செய்தோம். அஸர் நேரத்துக்குள் பத்து முறை ஆயிற்று. “இன்னிக்கும் மாவு மில்லா?” என்றார் இல்லத்தரசி. ஆனால் கதவைச் சாத்திவிட்டுச் சென்றார், தடுக்கவில்லை. அடுத்த வாரம் கலாசாலையில் நாற்பதாம் எண்ணைச் சேர்த்தோம். கன்சோல் கம்பி பையில் இருந்தது. மேலறைச் சாவி சட்டைப்பையில் இருந்தது. கட்டணம் செலுத்தும் நாளாக அது இல்லை. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். ஒன்றும் அறுபடவில்லை.

இப்போது அந்தப் பதினொன்றாம் பிள்ளை வெள்ளிதோறும் நம் வீட்டுக்கு வருகிறான். சுவிட்ச் கற்க வேண்டுமென்று அவனே கேட்டான். சென்ற மாதம் டிரங்க் பாடம் வந்தது. ‘ஆட்’ என்ற சொல்லை அவன் விடப்போவதை அவன் விரல்களிலிருந்தே கண்டுகொண்டோம். வாய்வரை வந்த எச்சரிக்கையை விழுங்கிக்கொண்டோம். திரை உறைந்தது. அவன் திகைத்து நம்மை நோக்கி, “ஹஜ்ரத், உடைஞ்சு போச்சா?” என்றான்.

“உடையட்டும். இது வீடுதானே” என்று சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவர எழுந்தோம்.